தேய்த்தலும் தேய்தலும்: இந்தியத் தரைகளின் நூறாண்டு

இந்தியில் ‘கிஸ்னா’ என்றொரு வினைச்சொல் உண்டு. சந்தனக் கட்டையைக் கல்லில் இழைப்பதற்கும் அதே வினை. நடந்து நடந்து செருப்பு தேய்ந்துபோவதற்கும் அதே வினை. செய்வினை, தன்வினை என்ற வேறுபாட்டைச் சொல்லின் வடிவம் காட்டாது, சூழலே காட்டும். தமிழில் ‘தேய்’ என்னும் வேரும் இத்தகையதே. ‘தேய்த்தான்’ என்றால் அவன் வேறொன்றைக் குறைத்தான். ‘தேய்ந்தான்’ என்றால் அவனே குறைந்தான். இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு மெய்யெழுத்து மட்டுமே.

அந்த ‘கிஸ்னா’விலிருந்து பிறந்த ‘கிஸாயி’ என்னும் தொழிற்பெயர்தான் வட இந்தியா முழுவதும் தரையை இயந்திரமிட்டுத் தேய்க்கும் வேலைக்கு வழங்குகிறது. பளிங்குத் தரைக்கும் கிஸாயி, மொசைக் தரைக்கும் கிஸாயி, இன்று எபாக்ஸி பூசுவதற்கு முன் கான்கிரீட் தரையைத் தேய்ப்பதற்கும் கிஸாயி. இக்கட்டுரை அந்த வேலையின் வரலாற்றைப் பற்றியது. நான் முன்வைக்கும் கருத்து ஒன்றே. பெயர் மாறாமல் நிற்க, அப்பெயரின் கீழ் நடக்கும் வேலையில் இரண்டு பொருள்கள் மாறிவிட்டன: தரையிலிருந்து தண்ணீர் போயிற்று; தேய்க்கப்படும் கல்லும் வேறாயிற்று. இவ்விரண்டு மாற்றங்களும் சேர்ந்து, சிரமமான ஒரு வேலையை உயிர்க்கொல்லி வேலையாக ஆக்கக்கூடியவை. பெயர் பழையதாகவே இருப்பதால் இந்த மாற்றம் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சிமெண்டுக்கு முந்திய காலத்திலிருந்து தொடங்குவோம். ஜெய்ப்பூர், ஷெகாவாட்டிப் பகுதிகளின் மாளிகைகளில் ‘ஆராயிஷ்’ எனப்படும் சுண்ணச் சாந்துப் பூச்சைக் காணலாம். ‘அலங்காரம்’ என்னும் பொருளுடைய பாரசீகச் சொல் அது. நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பையும் பளிங்குத் தூளையும் கலந்து மெல்லிய படலங்களாகப் பூசி, ஈரம் உலர்வதற்குள் அகேட் கல்லால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். சுவரிலும் தூணிலும் இவ்வாறு பெறப்பட்ட பளபளப்பு பளிங்குக்கு ஈடாக இருந்தது. சென்னைச் சுண்ணச் சாந்தைக் கண்ட ஐரோப்பியப் பயணிகளும் அதைப் பளிங்கோடுதான் ஒப்பிட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தத் தேய்ப்பு எதையும் வெட்டி எடுப்பதில்லை. ஈரமான பரப்பை அழுத்தி இறுக்குகிறது. இதற்கு இந்தியில் ‘குட்டாயி’ என்று தனிச்சொல் உண்டு. ஆக, அழுத்தி மெருகேற்றுவதற்கு ஒரு சொல்லும் அராவித் தேய்ப்பதற்கு இன்னொரு சொல்லும் என வேறுபாடு தெளிவாகவே இருந்தது.

இறுகிய தரையை அராவிப் பளபளப்பாக்கும் முறை, இன்றைய வடிவில், இத்தாலியிலிருந்து வந்தது. வெனிஸ் நகரிலும் அதற்கு வடகிழக்கேயுள்ள ஃப்ரியுலி நிலப்பகுதியிலும் கைவினைஞர்கள் உடைந்த பளிங்குச் சில்லுகளைச் சுண்ணச் சாந்தில் பதித்து, இறுகிய பின் நீண்ட கைப்பிடி பூட்டிய கனமான கல்லால் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தார்கள். அதற்குத் ‘தெரட்சோ’ என்று பெயர். மாடித்தளம், மேல்தளம் என்னும் பொருளோடு தொடர்புடைய சொல் அது. ‘மொசைக்’ என்பது முற்றிலும் வேறு கலை. சிறு சிறு வண்ணக் கற்களைத் திட்டமிட்டு ஒவ்வொன்றாக அடுக்கி உருவம் சமைப்பது; கலைத்தெய்வங்களான மியூஸ்களின் பெயரிலிருந்து வந்தது.

இந்தியாவில் இவ்விரு சொற்களும் இடம் மாறின. உலகின் பிற பகுதிகளில் தெரட்சோ எனப்படுவதை நாம் மொசைக் என்கிறோம். தமிழ், இந்தி, வங்காளம் என எம்மொழி பேசுவோரும் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் பாட்டி வீட்டுக் கூடத்திலும் கண்ட புள்ளிபோட்ட தரையை மொசைக் என்றுதான் அழைத்தார்கள். ‘தெரட்சோ’ என்ற சொல் பொறியாளர்களின் ஆவணங்களில் மட்டும் தங்கிற்று. இதைப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயரிடுவது மக்கள் வழக்கின் இயல்பு. தரையில் தெரிவது வண்ணச் சில்லு, ஆகவே மொசைக். அந்தச் சில்லுகள் மேலே தெரியும்படி சிமெண்டை அராவி எடுத்த உழைப்பு, பெயரில் இடம்பெறவில்லை.

இந்தியாவில் போர்ட்லண்ட் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் சென்னையில் நடந்தது. வணிக அளவில் நிலைத்த உற்பத்தி 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிற்று. அதுவரை செல்வந்தர் வீடுகளின் அலங்காரத் தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்தும் கப்பலேறி வந்தன. 1922-இல் பம்பாயில் ஃபெரோஸ்ஷா சித்வா நிறுவிய பாரத் டைல்ஸ், சுதேசி இயக்கத்தின் உணர்வோடு சிமெண்ட் ஓடுகளை இங்கேயே செய்யத் தொடங்கிற்று. அந்நியத் துணிக்கு மாற்றாகக் கதர் வந்ததை நம் பாடநூல்கள் சொல்கின்றன. அந்நியத் தரைக்கு மாற்றாகச் சுதேசித் தரை வந்ததும் அதே வரலாற்றின் ஒரு பகுதிதான்.

சிமெண்ட் வந்தது; ராஜஸ்தானில் பளிங்கு ஏராளமாக இருந்தது. மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது: தேய்ப்பதற்கான கல். அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் 1890-களின் தொடக்கத்தில் மின்னுலையில் கண்டறிந்த சிலிக்கான் கார்பைடு, ‘கார்பரண்டம்’ என்னும் வணிகப் பெயரோடு உலகெங்கும் பரவியது. இந்திய வேலையாட்களின் பேச்சில் அந்த வணிகப் பெயரே கல்லின் பெயராயிற்று. 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. சிமெண்ட், பளிங்குச் சில்லு, தேய்ப்புக் கல் மூன்றும் உள்நாட்டிலேயே கிடைத்தபின், விடுதலை பெற்ற இந்தியாவின் அரசுக் கட்டடங்களுக்கு மொசைக் இயல்பான தரையாயிற்று. மலிவு, உறுதி, துடைக்க எளிது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் தாங்கும்.

அந்தத் தரை எப்படி உருவானது என்பதை மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விவரக்குறிப்புகளில் படிக்கலாம். வறண்ட அரசாங்க நடைதான். ஆனால் ஒரு கைத்தொழிலின் ஒழுங்கு அதில் பதிவாகியிருக்கிறது. அடியில் சாதாரணக் கான்கிரீட். அதன்மேல் 6 மில்லிமீட்டர் முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான மேற்படலம். அந்தப் படலத்தில் மணல் இல்லை. சிமெண்டும் பளிங்குத் தூளும் எடையில் மூன்றுக்கு ஒன்று. அதனோடு பளிங்குச் சில்லு. இறுகிய பின் தரையில் தண்ணீர் ஊற்றி, 60-ஆம் எண் கரடுமுரடான கார்பரண்டம் கற்கள் பூட்டிய இயந்திரத்தால் சில்லுகள் சீராகத் தெரியும்வரை முதல் தேய்ப்பு. சேற்றைக் கழுவி, ஊசித்துளைகளை அதே நிறச் சிமெண்ட் பாலால் நிரப்பி, 5 முதல் 7 நாள் ஈரத்தில் ஊறவிட வேண்டும். பிறகு 120-ஆம் எண் கல்லால் இரண்டாம் தேய்ப்பு. மீண்டும் துளை அடைத்து 3 முதல் 5 நாள் காத்திருப்பு. கடைசியாக 320-ஆம் எண் கல். இறுதியில் ஒரு சதுர மீட்டருக்கு 33 கிராம் வீதம் ஆக்ஸாலிக் அமிலத் தூளைத் தூவி, நீர் தெளித்து, கம்பளி அட்டையால் தேய்த்து மெருகேற்ற வேண்டும்.

இரண்டு காத்திருப்புகளுக்கு மட்டும் 8 முதல் 12 நாள். எவ்வளவு அவசரமானாலும் தரை அதற்கு இணங்காது. இடையில் நடக்கும் ஒவ்வொரு தேய்ப்பும் நீரோடு நடந்தது. முழங்கால்வரை சுருட்டிய காற்சட்டையோடு, சாம்பல்நிறச் சேற்றில் வெறுங்காலோடு நின்று இயந்திரத்தைச் சுழற்றும் மனிதரை, 1990-களுக்கு முன் வீடு கட்டிய குடும்பத்தினர் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த வேலையைப் பொற்காலமாகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. சிமெண்ட்டின் காரம் காற்பாதத்தை அரித்துப் புண்ணாக்கும். ஆக்ஸாலிக் அமிலம் நச்சு. ஈரத் தரையில் மின் இயந்திரம் ஓட்டுவதால், உறை கிழிந்த ஒரு கம்பி போதும், உயிர் போக. ஆயினும் அந்த மனிதரின் நுரையீரலை இரண்டு பொருள்கள் காத்தன. ஒன்று, தூளைப் பறக்கவிடாமல் சேறாக்கிய தண்ணீர். மற்றொன்று, தேய்க்கப்பட்ட பொருளே. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. மேற்படலத்தில் மணலும் இல்லை. இவ்விரண்டையும் யாரும் தொழிலாளியின் நலன் கருதி ஏற்படுத்தவில்லை. கல் சூடேறாமலிருக்கத் தண்ணீர். நிறம் கெடாமலிருக்கப் பளிங்குத் தூள். பாதுகாப்பு, தரையின் அழகோடு ஒட்டிக்கொண்டு தற்செயலாக வந்த ஒன்று. தற்செயலாக வந்தது, ஓசையில்லாமலே போகவும் கூடும்.

போயிற்று. 1990-களுக்குப் பின் மெருகேற்றிய பெரிய ஓடுகள் குஜராத்தின் மோர்பி போன்ற இடங்களிலிருந்து நாடெங்கும் சென்றன. தேய்ப்பு வேலை, வீட்டிலிருந்து ஆலையின் இயந்திர வரிசைக்கு இடம் மாறிற்று. ஒரே நாளில் ஒட்டிவிடக்கூடிய ஓட்டின் முன் மொசைக்கின் காத்திருப்பு நிற்கவில்லை. கிஸாயிக்காரர்களுக்குப் பளிங்குத் தரைகள் மிஞ்சின. பிறகு வேறொரு பக்கத்திலிருந்து புதிய வேலை வந்தது.

மருந்து உற்பத்திக்கான இந்திய விதிகளில் ‘அட்டவணை எம்’ என்றொரு பகுதி உண்டு. மருந்து தயாராகும் இடத்தின் சுவர், தரை, கூரை ஆகியவை வழவழப்பாகவும் வெடிப்பின்றியும் எளிதில் தூய்மை செய்யத்தக்கனவாகவும் இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. இந்தத் தேவைக்கு இணைப்பில்லாத எபாக்ஸித் தரை பொருத்தமாக அமைந்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், மாநிலத்துக்கொன்றாகச் சிதறிக்கிடந்த கிடங்குகளுக்குப் பதிலாகப் பெருங்கிடங்குகள் எழுந்தன. உயர அடுக்குகளுக்கிடையே பாரந்தூக்கி வண்டிகள் ஓட, சமமான, தூசு உதிராத கான்கிரீட் தரை வேண்டியிருந்தது. இவ்விரு தரைகளுக்கும் முதற்படி ஒன்றே: கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தேய்த்து ஆயத்தப்படுத்துதல்.

ஏன் தேய்க்க வேண்டும்? புதிதாக ஊற்றிய கான்கிரீட்டில் நீர் மெல்ல மேலெழும்பி வரும்போது நுண்ணிய சிமெண்ட் துகள்களையும் கூட்டி வருகிறது. அது காய்ந்து, பாலின்மேல் ஏடு படிவதுபோல் வலுவற்ற ஒரு தோலாகிறது. அதன்மேல் எபாக்ஸி பூசினால், எபாக்ஸி அந்தத் தோலை உறுதியாகப் பற்றும். தோலோ கான்கிரீட்டைப் பற்றாது. சில மாதங்களில் பூச்சு தகடுதகடாக உரியும். ஆகவே வைரத்துகள் பதித்த உலோகத் தட்டுகளால் அந்தத் தோலை நீக்கி, பூச்சு பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சொரசொரப்பை உண்டாக்குகிறார்கள். எந்தப் பூச்சுக்கு எவ்வளவு சொரசொரப்பு என்பதை ஒப்பிட்டுப் பார்க்க 1 முதல் 10 வரை எண்ணிட்ட மாதிரி வில்லைகள்கூட உள்ளன. பூச்சின்றிக் கான்கிரீட்டையே மெருகேற்றுவதானால், இடையில் சிலிக்கேட் கரைசலை ஊற்றி மேற்பரப்பை இறுகச் செய்து, மேலும் மேலும் நுண்மையான வைரத் தட்டுகளால் தேய்க்கிறார்கள்.

இங்கேதான் தண்ணீர் பகையாகிறது. கான்கிரீட்டில் ஈரம் தங்கியிருந்தால் பூச்சு கொப்பளிக்கும். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரித்து, ஈரம் பூத்திருக்கிறதா என்று சோதிக்கும் வழக்கம் இதற்காகவே உண்டாயிற்று. நீர்விட்டுத் தேய்த்தால் சேறு மீண்டும் நுண்துளைகளில் படியும்; அதைக் கழுவ வேண்டும்; உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு நாள் இல்லை. ஆகவே உலர்தேய்ப்பு. தேய்க்கப்படுவதும் பளிங்கு அன்று. ஆற்றுமணல் அல்லது கல்லுடைத்த மணல், கருங்கல் ஜல்லி. மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கருங்கல்லிலும் அது கணிசமாக உண்டு. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. அதன் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கி, தழும்புகளை உண்டாக்கி, மூச்சை மெல்ல மெல்ல அடைக்கின்றன. அதுவே சிலிக்கோசிஸ். வந்த தழும்பை நீக்கும் மருந்து இல்லை. வராமல் தடுப்பது முழுவதும் சாத்தியம்.

கல் தேய்ப்போரின் இந்த நோய் புதிதன்று. இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1700-இல் வெளியிட்ட தொழில்நோய் நூலிலேயே கல்தச்சரின் மூச்சுத்திணறலைப் பற்றி எழுதியிருக்கிறார். 1870-களில் இன்னொரு இத்தாலிய மருத்துவரான விஸ்கோந்தி அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயரிட்டார். நம் நாட்டில் கோலார் தங்கவயலிலும் மந்த்சோரின் சிலேட்டுக் குச்சித் தொழிலிலும் குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லை இழைத்து மணியாக்கும் வீடுகளிலும் இந்நோய் ஆராயப்பட்டுப் பதிவாகியுள்ளது. ஆராயிஷ் சுவருக்கு மெருகேற்றிய அதே வகைக் கல்தான் அகேட், அதுவும் சிலிக்காவே. சுவரை அதனால் ஈரத்தில் அழுத்தியவருக்கு அக்கல் தீங்கு செய்யவில்லை. அதையே உலர்ந்த நிலையில் சக்கரத்தில் பிடித்து இழைத்தவரின் மூச்சை அது பறித்தது. பொருள் ஒன்றே, வேலைமுறை வேறு.

இந்திய வரலாற்றில் இந்நோய்க்கு நீதி கிடைத்த ஒரு தருணம் 2016 மே மாதம். மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மாவட்டங்களிலிருந்து குஜராத்தின் குவார்ட்ஸ் அரைவை ஆலைகளுக்கு வேலைக்குச் சென்று சிலிக்கோசிஸால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்ச ரூபாய் வழங்குமாறு குஜராத் அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2010-இலேயே பரிந்துரைத்த தொகை அது. அந்த 238 பேரை எண்ண முடிந்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவர்கள் ஒரே நிலப்பகுதியிலிருந்து, ஒரே வகை ஆலைகளுக்குச் சென்றவர்கள். திரும்பி வந்து ஒரே ஊர்களில் இறந்தவர்கள். தரை தேய்ப்பவரின் வாழ்க்கை அப்படியன்று. இந்த மாதம் ஒரு கிடங்கு, அடுத்த மாதம் வேறு மாநிலத்தில் ஒரு மருந்து ஆலை. வேலை முடிந்ததும் அவர் அந்த இடத்தில் இருந்ததற்கான சான்று, தரையின் பளபளப்பு மட்டுமே. பல ஆண்டுகள் கழித்து மூச்சு திணறும்போது, எந்தத் தரை என்று அவரால் எப்படிச் சுட்ட முடியும்?

சட்டம் இதை அறியாததன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. நுரையீரலை எட்டும் தூசுக்கு அச்சட்டத்தின் அட்டவணை ஒரு சூத்திரமும் தந்தது: தூசிலுள்ள குவார்ட்ஸ் விழுக்காட்டோடு 2-ஐக் கூட்டி, அதனால் 10-ஐ வகுத்தால் வருவது, ஒரு கன மீட்டர் காற்றில் அனுமதிக்கப்படும் மில்லிகிராம். எடுத்துக்காட்டாக, தூசில் 18 விழுக்காடு குவார்ட்ஸ் இருந்தால் வரம்பு 0.5 மில்லிகிராம், அதில் குவார்ட்ஸ் மட்டும் 90 மைக்ரோகிராம். அமெரிக்கா 2016-இல் வகுத்த விதியில் அந்த அளவு 50 மைக்ரோகிராம். அந்த விதி தரை தேய்க்கும் இயந்திரத்துக்கென்றே இரண்டு வழிகளைக் குறிப்பிடுகிறது: இயந்திரத்தோடு இணைந்த நீர்க்குழாய், அல்லது இயந்திரத்தோடு இணைந்த தூசு உறிஞ்சி. முதல் வழியைப் படிக்கும்போது நமக்கு மொசைக் தரையின் சேறு நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டாம் வழியான நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சி, உலர்தேய்ப்பையும் பாதுகாப்பாக்கக்கூடியது. இந்தியச் சந்தையிலும் அது கிடைக்கிறது. ஆயினும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வெண்புகை நடுவே தேய்ப்பவர்களைக் கட்டுமான இடங்களில் இன்றும் காணலாம். நெய்த துணியின் இடைவெளிகள் அந்தத் துகள்களுக்குத் திறந்த வாசல்கள்.

மருந்தில் ஒரு துகள் தூசும் கலக்கக் கூடாது என்பதற்காக உருவாகும் தரை, அதை உருவாக்குபவரின் மூச்சில் தூசை நிறைக்கிறது. இந்த முரணில் தீய எண்ணம் கொண்டவர் எவரும் இருக்கத் தேவையில்லை. ஒப்பந்தம் ‘தரை தயாரிப்பு, இத்தனை சதுர அடி’ என்று ஒரே வரியில் எழுதப்படுகிறது. பழைய அரசு விவரக்குறிப்பு நீரையும் கல்லின் எண்ணையும் காத்திருக்கும் நாளையும் பெயர் சொல்லிக் குறித்தது. பெயர் சொன்னதால் அவற்றுக்குக் கணக்கும் கூலியும் இருந்தன. உறிஞ்சிக்கு ஒப்பந்தத்தில் தனி வரி இல்லையென்றால் அதற்குக் காசும் இல்லை. சொல்லப்படாத பொருளுக்கு வேலைத்தளத்தில் இடமில்லை.

மொழியியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பணி உண்டு என்று எண்ணுகிறேன். ஆராயிஷ் காலத்துத் தொழிலாளர்கள் அழுத்துவதற்கும் அராவுவதற்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருந்தார்கள். ஏனெனில் அவை வெவ்வேறு வேலைகள். இன்று ஈரத் தேய்ப்புக்கும் உலர்தேய்ப்புக்கும் ஒரே ‘கிஸாயி’, ஒரே ‘பாலிஷ்’, ஒரே ‘கிரைண்டிங்’. ஒன்றில் சேறு, மற்றொன்றில் சாவு என்ற அளவுக்கு வேறுபட்ட இரண்டு வேலைகளுக்கு வேறுபட்ட பெயர்கள் வேண்டாமா? கூலி பேசும்போது ‘ஈரமா, உலர்வா? உலர்வென்றால் உறிஞ்சி உண்டா?’ என்று கேட்கத்தக்க எளிய சொற்கள் வேலைத்தளத்தில் புழங்கினால், கேள்வியும் புழங்கும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில், உங்கள் மொழியில், தரை தேய்க்கும் வேலைக்கும் அதில் பயன்படும் கற்களுக்கும் கருவிகளுக்கும் தொழிலாளர்கள் வழங்கும் சொற்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஈரத்தையும் உலர்வையும் வேறுபடுத்தும் சொல் எங்கேனும் இருந்தால் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ தரை வேலை நடக்கப்போகிறதென்றால், விலைப்பட்டியலில் தூசு உறிஞ்சிக்கென்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, அதற்கான பணத்தையும் கொடுங்கள். தேய்ப்பவர் தேயாமலிருக்க அந்த ஒரு வரி உதவும்.